அடிக்குருணையா, ஒட்டாப்பனியா, அடிவிளைபனியா?

பெரம்பூரிலிருந்து:
அன்பர்களே, டிசம்பரில் இமாசலம் போகும் கல்லூரி மாணவர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரே ஒரு சொல்லில் நிற்கிறது: மலைப்பனியின் அடியில் உருவாகும் ஒட்டாத படிக அடுக்குக்குத் தமிழில் என்ன பெயர்?

பருவத் தொடக்கத்தில் மலையில் அரை மீட்டர் பனிதான் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் தரை 0 டிகிரி, மேலே மைனஸ் 15. அப்படியானால் 10 செ.மீ.க்கு 3 டிகிரி ஏற்றத்தாழ்வு. 1 டிகிரியைத் தாண்டினாலே அடியிலிருந்து நீராவி மேலேறி, பனித்துகள்கள் முனை கூர்ந்த படிகங்களாக மாறத் தொடங்கும். அதே குளிரில் 2 மீட்டர் பனி கிடந்தால் கணக்கு 0.75 டிகிரிதான், அவ்வளவாக மாறாது. கனமான பனியை விட மெல்லிய பனி மோசம் என்பது இதனால்தான்.

இந்த அடியடுக்கை அள்ளினால் விரலிடுக்கில் கொட்டிவிடும், உருண்டை பிடிக்க வராது. ஜனவரியில் அதன்மேல் ஒரு மீட்டர் விழுந்தால் பாளம் பாளமாகச் சரியும். ஆங்கிலத்தில் இந்த அடுக்கை 'டெப்த் ஹோர்' என்பார்கள். 'அடிக்குருணை' என்று போட்டிருக்கிறேன். சரியா?

தண்டையார்பேட்டையிலிருந்து:
சரியில்லை அம்மா. குருணை உடைந்த அரிசி. இதுவோ வளர்ந்த படிகம். பொருளே தலைகீழாகிறது. 'ஒட்டாப்பனி' என்போம், ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஆபத்தையும் சொல்லிவிடுகிறது. பனி என்றால் நமக்கு மார்கழிப் பனிதானே என்பவர்கள் புறநானூறு 6ஆம் பாட்டின் 'பனிபடு நெடுவரை'யைப் பார்க்கட்டும், அது இமயப் பனி.

இன்னொன்று. கையேட்டில் 'பனிச்சரிவில் பனிச்சரிவு ஏற்படும்' என்று இருக்கிறது. பனியின் சரிவு ஆறாம் வேற்றுமைத் தொகை; பனியை உடைய சரிவு உருபும் பயனும் உடன்தொக்க தொகை. முதல் முறை போகிற பிள்ளை எதை எடுத்துக்கொள்வான்? 'சரிபனி' என்று வினைத்தொகையாக்குங்கள்.

வியாசர்பாடியிலிருந்து:
ஐயா, 'சரிபனி' வேண்டாம். 2016 பிப்ரவரியில் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் புதைந்தபோது ஊரே 'பனிச்சரிவு' என்றுதான் படித்தது. இடத்தைச் 'சாய்வு' என்று மாற்றினால் போதும்: '30 முதல் 45 டிகிரிச் சாய்வில் பனிச்சரிவு'.

'ஒட்டாப்பனி'யும் இடிக்கிறது. நேற்று விழுந்த உலர்பனியும்தான் ஒட்டாது. ஆனால் அது சில நாளில் இறுகிவிடும், இது வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். மாணவர்கள் படத்தைப் பார்த்ததும் 'அஸ்கா மாதிரி இருக்கு' என்றார்கள். நம் பக்கத்துக் கடைகளில் சர்க்கரைக்கு அதுதானே பெயர்! கஞ்சம் மாவட்டத்து ஆஸ்கா ஊரின் பெயர் அது. 1936 வரை கஞ்சம் சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. 'அஸ்காப்பனி' ஏன் கூடாது?

எண்ணூரிலிருந்து:
மதுரைக்காரருக்கு அஸ்கா புரியாது தம்பி. அத்திப்பட்டு உப்பளத்துப் பாத்தியில் உப்பு 'விளைகிறது' என்கிறோம், யாரும் 'உருவாகிறது' என்பதில்லை. படிகம் வளர்வதற்கு நம்மிடம் இருக்கும் வினை அதுதான். 'அடிவிளைபனி'. வளர்ச்சியும் வந்துவிட்டது, இடமும் வந்துவிட்டது.

பெரம்பூரிலிருந்து:
அழகான சொல், ஆனால் வகுப்பில் இதற்கே தனி விளக்கம் தேவைப்படும். 'அடிக்குருணை' அச்சுக்குப் போகிறது. 'சாய்வு' திருத்தம் ஏற்கப்பட்டது.

தண்டையார்பேட்டையிலிருந்து:
என் மறுப்பு நிற்கட்டும். எண்ணூர்க்காரர் சொல்லே சரி, அடிக்குறிப்பிலாவது சேருங்கள்.

பனியில் பலவீனமான அடுக்கு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் தட்டுச் சோதனைப் பக்கத்தில் பிழை இருக்கிறது, அதைக் கட்டாயம் திருத்துங்கள். 30 செ.மீ.க்கு 30 செ.மீ. பனித் தூணை நாற்புறமும் வெட்டிப் பிரித்து, மேலே ஷவலின் அலகை வைத்து, மணிக்கட்டிலிருந்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. நீங்கள் முழங்கையை விட்டுவிட்டீர்கள். பின்பக்கம் வெட்டாமல் விட்டால் தூண் மலையோடு ஒட்டி நின்று, பலவீனமான அடுக்கும் பலமாகத் தெரியும். அந்த வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.