குயின் மேரி 2: கோட் சூட் கட்டாயமா?

கேள்வி: சவுத்தாம்ப்டன்–நியூயார்க், 7 இரவுக் கப்பல் பயணம். இரவு உணவுக்கு டை கட்டியே ஆகவேண்டுமா? வேட்டி எடுபடுமா?

பதில் 1: தினமும் தேவையில்லை. மாலை 6 மணிக்கு மேல் காலர் சட்டை, நீளக் கால்சட்டை, நல்ல ஷூ. காலா எனும் விசேஷ விருந்து இரவுகளில்தான் டக்ஸீடோ (வில் டையுடன் அணியும் கருப்பு விருந்து சூட்) அல்லது கருநிற சூட்டுடன் டை. 7 இரவில் பெரும்பாலும் இரண்டு வரும். ஒரே சூட், இரண்டு சட்டை போதும். பெட்டியை ரொப்பாதீர்கள்.

பதில் 2: தேசிய உடைக்குத் தடையில்லை, ஆனால் விசேஷ உடையாக இருக்கவேண்டும். பட்டு வேட்டி, முழுக்கைச் சட்டை, பந்த்கலா (கழுத்து மூடிய கோட்) எல்லாம் சரி. பட்டுப்புடவைக்குக் கேள்வியே இல்லை. ரப்பர் செருப்புதான் மானத்தை வாங்கும்.

அறைக்குள் இஸ்திரிப்பெட்டி, ஸ்டீமர் இரண்டும் தீ அபாயத்தால் தடை. ஏறும்போதே எடுத்து வைத்துக்கொள்வார்கள். சலவை அறையில் இலவசமாகத் தேய்க்கலாம். காலா அன்று மாலை அங்கே கூட்டம் நெரியும், காலையிலேயே முடித்துவிடுங்கள்.

பதில் 3: அலங்காரமே வேண்டாமென்றால் கிங்ஸ் கோர்ட் பஃபே இருக்கிறது. பிரதான உணவுக்கூடத்துக்குள் கிழிசல் ஜீன்ஸில் நுழைந்து வாதாடுவது வீண். இந்த உடைக் கட்டுப்பாடே பிடிக்காதவர்களுக்கு நார்வீஜியன் என்ற வேறொரு கப்பல் நிறுவனம் 2000லேயே விசேஷ உடை கட்டாயமில்லாத 'ஃப்ரீஸ்டைல்' முறையைக் கொண்டுவந்துவிட்டது.