ஹெச்-89 போட்டதும் பாஸ்போ-க்ரெப் குறைகிறது. பிகேஏ-தான் காரணம் என்று எழுதலாமா?

கேள்வி:
வணக்கம். பிஎச்டி இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். ஹீலா செல்களுக்கு (லேபில் வளர்க்கும் மனிதச் செல்கள்) இஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியைக் கொடுத்தால், புரத அளவைப் பேண்டாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் பாஸ்போ-க்ரெப் (செரின்-133 இடத்தில் பாஸ்பேட் ஏறிய க்ரெப் புரதம்) நன்றாக ஏறுகிறது. அரைமணி நேரம் முன்பே 10 மைக்ரோமோலார் ஹெச்-89 (பிகேஏ தடுப்பான் என்று விற்கப்படுவது) போட்டால் பேண்ட் கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது. பிகேஏ என்பது புரதங்களில் பாஸ்பேட் ஏற்றும் என்சைம்களில் (கைனேஸ்) ஒன்று. கைடு "பிகேஏ என்றே எழுது, போதும்" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

பதில் 1:
ஹெச்-89க்கு பிகேஏ மேல் கேஐ (எவ்வளவு குறைவோ அவ்வளவு பலமாகத் தடுக்கும்) 48 நானோமோலார்தான். 10 மைக்ரோமோலார் ரொம்ப அதிகம். 1-க்குக் குறைத்துப் பாருங்கள்.

பதில் 2:
குறைப்பது நல்லதுதான், ஆனால் இங்கே சிக்கல் அளவில் மட்டும் இல்லை. இந்த மூலக்கூறு கைனேஸில் ஏடிபி (பாஸ்பேட்டைத் தரும் மூலக்கூறு) உட்காரும் இடத்தில் போய் உட்காருகிறது. செல்லுக்குள் ஏடிபி மில்லிமோலார் கணக்கில் இருப்பதால், அதோடு போட்டியிடத்தான் எல்லோரும் மைக்ரோமோலாருக்குப் போகிறார்கள். அப்புறம், 2000-ல் டண்டீயில் பிலிப் கோஹனின் குழு பல கைனேஸ்கள் மீது இதைச் சோதித்தது. எம்எஸ்கே1, எஸ்6கே1, ராக்-2 என்ற வேறு மூன்று கைனேஸ்களும் பிகேஏ அளவுக்கோ அதைவிட எளிதாகவோ அடங்கின. உங்கள் விஷயத்தில் எம்எஸ்கே1-தான் வினை. இஜிஎஃப் வந்தால் ஈஆர்கே என்ற இன்னொரு கைனேஸ் வழியாக அது தூண்டப்படும், அதே செரின்-133-ஐயே பாஸ்பேட் ஏற்றும். அதாவது பிகேஏ இதில் கை வைக்காவிட்டாலும் உங்கள் பேண்ட் மறையும். நீங்கள் சந்தேகப்பட்டது மிகச் சரி, விட்டுவிடாதீர்கள்.

யு0126 போட்டுப் பாருங்கள். அது ஈஆர்கேவைத் தூண்டும் மெக் என்ற கைனேஸைத் தடுப்பது, ஏடிபி இடத்தைத் தொடாது. பேண்ட் போய்விட்டால் ஈஆர்கே பாதை என்று பிடித்துவிடலாம். பிகேஏவைத் தடுக்க, செல்லுக்குள் நுழைவதற்காக மிரிஸ்டாயில் சேர்த்த பிகேஐ பெப்டைடு வாங்குங்கள். அது ஏடிபி இடத்துக்குப் போகாமல், பிகேஏ தன் இலக்குப் புரதத்தைப் பிடிக்கும் இடத்தை அடைக்கிறது. கூடவே, இஜிஎஃப் இல்லாமல் பிகேஏவைத் தூண்டும் ஃபோர்ஸ்கோலின் மட்டும் கொடுத்த லேன் ஒன்றையும், அதோடு பெப்டைடு சேர்த்த லேன் ஒன்றையும் கட்டாயம் ஓட்டுங்கள். ஃபோர்ஸ்கோலின் ஏற்றிய பேண்டைப் பெப்டைடு குறைக்காவிட்டால் மற்ற லேன்களை நம்ப முடியாது.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணா. யு0126 லேபில் இருக்கிறது. பெப்டைடு வர நாளாகும். அதுவரை கேடி5720 போடலாமா? அதுவும் பிகேஏ தடுப்பான்தானே?

பதில் 2:
வேண்டாம்மா. அதே ஆய்வில் கேடி5720-ம் பல கைனேஸ்களைப் பிடித்தது. இப்போதைக்கு யு0126 லேனை ஓட்டிவிட்டு, படத்தைக் கைடிடம் காட்டுங்கள்.