வெயில் காலத்துல ரத்தத்துல யூரியா மட்டும் ஏறுது, ஏனுங்க?

நொய்யல்கரை:
ஈரோட்டுப் பக்கம் பங்குனி வெயில்ல நாள் முழுக்க மஞ்சள் வேக வைக்கிற ஒருத்தரோட ரத்த ரிப்போர்ட்: யூரியா 60, கிட்னி வெளியேத்தற இன்னொரு கழிவான கிரியேட்டினின் 1.0 (ரெண்டும் மி.கி./டெ.லி.). ஒண்ணுக்கு கொஞ்சமா, கடும் மஞ்சளாப் போகுது. நீர் வத்தினா சுரக்கற ஏடிஹெச் ஹார்மோன் தண்ணியைத்தானே பிடிச்சு வைக்கும்? யூரியா எப்படித் திரும்பி உள்ளே வருது?

தறிக்குழி:
தண்ணி, யூரியா ரெண்டுக்குமே கதவு திறக்கறது அதுதானுங்க. கிட்னியில ஒண்ணுக்கு சேர்ற கடைசிக் குழாயான கலெக்டிங் டக்ட் செல்லுல, ரத்தப் பக்கம் இருக்கற வி2 ரிசப்டர்ல ஏடிஹெச் ஒட்டினா, செல்லுக்குள்ள சேதி சொல்ற சைக்ளிக் ஏஎம்பி ஏறும், பிகேஏ-ங்கற என்சைம் கிளம்பும். அது தண்ணிக் கதவான ஏக்வாபோரின்-2-ஐச் சவ்வுக்கு ஏத்தி விடும். யூரியாக் கதவான யூடி-ஏ1 புரதத்துலயும் பாஸ்பேட்டை ஒட்டும் (எலியில அதோட 486, 499-வது இடத்து அமினோ அமிலமான செரீன்ல).

சூட்சுமம் இடத்துல இருக்கு. கிட்னியோட வெளிப்பகுதி கார்டெக்ஸ், உள்பகுதியான மெடுல்லாவோட வெளி அடுக்கு வரைக்கும் டக்ட்ல தண்ணிக் கதவு மட்டுந்தான். கவுந்தப்பாடி ஆலைக் கொப்பரையில கரும்புப்பால் சுண்டற மாதிரி, தண்ணி போகப்போக யூரியா கெட்டியாகும். உள் மெடுல்லாவோட கடைசித் துண்டுலதான் யூடி-ஏ1 இருக்கு. அங்க வந்ததும் யூரியா டக்டை விட்டு மெடுல்லாவுக்குள்ள இறங்கும். அங்க ஆஸ்மோலாலிட்டி (கரைஞ்சிருக்கற பொருளோட அடர்த்தி) 1200-ன்னா கிட்டத்தட்டப் பாதி யூரியாதான். புரதத்துல இருந்துதான் யூரியா வருது; புரதம் கம்மியாத் திங்கறவங்களுக்கு ஒண்ணுக்கு அவ்வளவா கெட்டிப்படாததுக்குக் காரணம் இதுதான்.

காடுகழனி:
மேல சொன்னது சரி. ஆனா ரத்த யூரியா ஏறினதுக்கு முழுப் பழியையும் ஏடிஹெச் மேல போடாதீங்க. அங்க இறங்கற யூரியாவுல நிறைய, மெடுல்லாவோட ரத்தக் குழாயான வாசா ரெக்டாவுல யூடி-பி, கிட்னிக் குழாயோட மெல்லிசான இறங்கு பகுதியில யூடி-ஏ2-ங்கற யூரியாக் கதவுங்க வழியா மெடுல்லாவுக்குள்ளயே சுத்தும். உடம்புல நீர் வத்தினா ஆஞ்சியோடென்சின்-2-ங்கற ஹார்மோன், கிட்னிக் குழாயோட முதல் பகுதியான ப்ராக்சிமல் குழாயில சோடியத்தையும் தண்ணியையும் இழுக்கும், யூரியாவும் பின்னாடியே போகும். கிரியேட்டினினுக்கு அப்படித் திரும்பற வழி இல்லை.

அப்புறம் கணக்கு. நம்மூர் லேப்ல பெரும்பாலும் போடறது யூரியா. 20-க்கு மேல போனா நீர் வத்தல்னு புத்தகத்துல வர்ற விகிதம், பியூஎன்-ஐ (யூரியாவுல இருக்கற நைட்ரஜன் மட்டும்) கிரியேட்டினினால வகுத்தது. 60-ஐ 2.14-ஆல வகுத்தா பியூஎன் 28. கிரியேட்டினின் 1.0-ங்கறதால விகிதமும் 28, நீர் வத்தினதுக்குப் பொருந்துது. ஆனா வயித்துக்குள்ள ரத்தம் கசிஞ்சாலும், ஸ்டீராய்டு தின்னாலும் இதே மாதிரி ஏறும். மலம் தார் மாதிரி கருப்பாப் போகுதான்னு கேட்டுடுங்க.

நொய்யல்கரை:
கருப்பா இல்லீங்க. இடுப்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் மட்டும் போடறாரு.

காடுகழனி:
அதை முதல்ல நிறுத்தச் சொல்லி டாக்டர்கிட்ட அனுப்புங்க. நீர் வத்தின கிட்னிக்கு ரத்தம் போறதே, ரத்தக் குழாயை விரிச்சு வைக்கிற ப்ராஸ்டாகிளாண்டின் தயவுல; அந்த மாத்திரை அதோட உற்பத்தியைத்தான் அடைக்கும். அப்ப கிரியேட்டினினும் ஏறிடும்.