ஸ்க்ரிவனரில் தமிழ் அடித்தால் கேள்விக்குறியாக வருகிறது (லினக்ஸ், வைன்) – அவசரம்

வேம்படி · திங்கள் இரவு 9.12

வணக்கம். லினக்ஸில் வைன் (விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓடவைப்பது) போட்டு, நாவல் எழுதும் மென்பொருளான ஸ்க்ரிவனரை நிறுவியிருக்கிறேன். நன்றாகத் திறக்கிறது. ஆங்கிலம் அடித்தால் வருகிறது, தமிழ் அடித்தால் வரிசையாக ?????? என்று விழுகிறது. நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தபடியே அடித்ததால் கவனிக்கவில்லை, நிமிர்ந்து பார்த்தால் இரண்டு பக்கம் முழுக்கக் கேள்விக்குறி. வெள்ளிக்கிழமை பதிப்பாளருக்கு மூன்று அத்தியாயம் அனுப்பியாக வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

ஊசிநூல் · 9.20

எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு? வைன் எத்தனை? ஸ்க்ரிவனர் 1-ஆ, 3-ஆ? தமிழ் எதை வைத்து அடிக்கிறீர்கள்? ஐபஸ், ஃபிசிடிஎக்ஸ் மாதிரித் தட்டச்சுக் கருவியா, விசைப்பலகை அமைப்பிலேயே தமிழைச் சேர்த்திருக்கிறீர்களா? இது தெரியாமல் எதைச் சொன்னாலும் குருட்டடிதான்.

செவ்வந்தி · 9.24

எழுத்துரு பிரச்சினைதான், சந்தேகமே வேண்டாம். விண்டோஸில் நிர்மலா மாதிரித் தமிழ் எழுத்துரு கூடவே வரும். வைனில் ஒன்றும் இருக்காது. வைன்ட்ரிக்ஸில் (வைனுக்குத் தேவையானதை நிறுவித் தரும் கருவி) கோர்ஃபான்ட்ஸ் என்ற எழுத்துருத் தொகுப்பைப் போடுங்கள், சரியாகிவிடும். எனக்கு அப்படித்தான் சரியானது.

மூலநிரல் · 9.41

இந்த இழையின் தலைப்பைப் பார்த்தாலே கேள்வி கேட்கும் முறை தெரியவில்லை என்பது தெரிகிறது. "அவசரம்" உங்களுக்கு, பதில் சொல்கிறவர்களுக்கு இல்லை. வைன் 1993-இலிருந்து வளர்ந்துவரும் திட்டம், 1.0 பதிப்பை எட்டவே 2008 ஆனது. அது எமுலேட்டர் அல்ல. விண்டோஸ் நிரல் கேட்கும் ஒவ்வொன்றையும் லினக்ஸ் புரிந்துகொள்ளும் விதத்தில் எடுத்துக் கொடுக்கும் அடுக்கு. அது தெரியாமல் நிறுவியவர்கள்தான் இங்கே வந்து நிற்கிறார்கள். முதலில் வைனைப் புதிய பதிப்புக்கு ஏற்றுங்கள். பழையதில் நேரம் போக்குவதில் பயனில்லை.

பனையோலை · 9.50

மூலநிரல் அண்ணா, அவ எந்தப் பதிப்பு வைச்சிருக்கிறா எண்டே இன்னும் சொல்லேல்லை. அதுக்குள்ள பழசு எண்டு எப்பிடித் தெரியும்?

வேம்படி · 10.05

மன்னிக்கவும், இதெல்லாம் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. லினக்ஸ் மிண்ட் 22, சின்னமன். வைன் 9.0, மிண்ட்டின் மென்பொருள் மேலாளரிலிருந்தே. ஸ்க்ரிவனர் 3, காசு கொடுத்து வாங்கியது. தமிழ்99 விசைப்பலகை, ஐபஸ் வழியாக. பிரவுசரிலும் லிப்ரே ஆபீஸிலும் தமிழ் ஒரு குறையும் இல்லாமல் வருகிறது. கோர்ஃபான்ட்ஸ் இப்போதுதான் போட்டேன். அதே கேள்விக்குறி.

ஊசிநூல் · 10.14

செவ்வந்தி, எழுத்துரு இல்லையென்றால் கட்டம் கட்டமாக வரும், கேள்விக்குறி வராது. கட்டம் வந்தால் எழுத்து உள்ளே இருக்கிறது, வரைந்து காட்ட ஆளில்லை என்று பொருள். கேள்விக்குறி வந்தால் எழுத்தே உள்ளே வந்து சேரவில்லை. வழியில் யாரோ "இது எனக்குத் தெரியாத எழுத்து" என்று குறி போட்டு அனுப்பிவிட்டார்கள். கோர்ஃபான்ட்ஸில் இருப்பது ஏரியல், டைம்ஸ் வகைகள்தான், தமிழ் கிடையாது. மிண்ட்டில் இருக்கும் நோட்டோ, லோகித் தமிழ் எழுத்துருக்களை வைன் தானே எடுத்துக்கொள்ளும்.

வேம்படி, ஒரு சோதனை. பிரவுசரிலிருந்து ஒரு தமிழ் வரியை நகலெடுத்து ஸ்க்ரிவனரில் ஒட்டுங்கள். என்ன தெரிகிறது?

வேம்படி · 10.19

ஒட்டினால் தமிழ் அழகாக வருகிறது!! அடித்தால்தான் வரவில்லை.

செவ்வந்தி · 10.22

சரி, எழுத்துரு இல்லை. ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் டாட்நெட்டாக (சில விண்டோஸ் நிரல்களுக்கு அடியில் வேண்டிய மைக்ரோசாஃப்ட் தொகுப்பு) இருக்கும். ஸ்க்ரிவனர் 3-க்கு வைன்ட்ரிக்ஸில் டாட்நெட் 48 கட்டாயம்.

ஊசிநூல் · 10.26

டாட்நெட் வேண்டியது உரிமத்தைச் செயல்படுத்தும் இடத்தில். அது இல்லையென்றால் அங்கேயே நின்றிருக்கும், இவ்வளவு தூரம் வந்திருக்க முடியாது. சிக்கல் ஐபஸுக்கும் வைனுக்கும் நடுவில் இருக்கிறது. காலையில் வருகிறேன்.

இரட்டைச்சுழி · 10.40

எதற்கு இந்தப் பாடு? நாவல் எழுதத்தானே? நாவல்ரைட்டர் இருக்கிறது, மனுஸ்கிரிப்ட் இருக்கிறது, இரண்டும் இலவசம், லினக்ஸிலேயே ஓடும். அத்தியாயத்தை இழுத்து இடம் மாற்றலாம், குறிப்பு அட்டை வைக்கலாம். வைனும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

வேம்படி · 10.52

ஆறு வருட வேலை அதற்குள் இருக்கிறது. பதினோரு அத்தியாயம், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிக் குறிப்பு, அப்பாவின் கடிதங்களை ஸ்கேன் செய்து உள்ளேயே சேர்த்திருக்கிறேன். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு நின்றுவிட்டது, என் லேப்டாப்பை 11 ஏற்கவில்லை, அதனால்தான் இங்கே வந்தேன். நாவல் நடுவில் இருக்கும்போது வீடு மாற்ற முடியாதுங்க.

தங்கத்தட்டு · 10.58

தமிழ்99-ஐ விட்டுவிட்டு ஒலிபெயர்ப்புக்கு மாறிப் பாருங்கள். ஏஎம்எம்ஏஏ என்று தட்டினால் அம்மா. தமிழ்99-இல் தானாகப் புள்ளி வைக்கும் வேலையெல்லாம் இருக்கிறது, வைனுக்கு அது தாங்காது.

மாட்டுத்தாவணி · 11.06

அபாண்டம். தமிழ்99 என்ன பாவம் செய்தது? 1999-இல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடி, அரசே ஏற்றுக்கொண்ட தரம் அது. அம்மாவுக்கு ஏ, கே, கே, க்யூ என்று நாலே தட்டு, உங்களுக்கு ஐந்து. தமிழை ஆங்கிலத்தில் நினைத்துப் பிறகு தமிழாக்குகிற வேலையும் இல்லை. முப்பதாயிரம் சொல் நாவல் எழுதுகிறவருக்கு அந்த ஒரு தட்டு என்ன சேமிப்பு என்று கணக்குப் போடுங்கள்.

தங்கத்தட்டு · 11.13

என் அம்மாவுக்கு 62 வயதில் தமிழ் தட்டச் சொல்லிக்கொடுத்தேன், ஒலிபெயர்ப்பில் ஒரே நாளில் பிடித்துக்கொண்டார். தமிழ்99 விசைப்பலகையைக் காட்டியிருந்தால் எழுந்து போயிருப்பார். எத்தனை தட்டு என்று எண்ணுகிறவர்கள், எத்தனை பேர் தட்டவே வருகிறார்கள் என்று எண்ணுவதில்லை.

பனையோலை · 11.21

உந்தச் சண்டைக்கு வேற இழை திறவுங்கோ. ரெண்டும் ஐபஸுக்குள்ளாலதான் போகுது, எதை மாத்தினாலும் வைனுக்கு ஒண்டுதான்.

வேம்படி · செவ்வாய் காலை 6.40

ஐயோ, நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. நேற்று அடித்துப் பார்த்ததெல்லாம் புதுசாக ஒரு திட்டம் திறந்து. இப்போது என் உண்மையான திட்டத்தைத் திறக்கப் போனால் ஸ்க்ரிவனர் காணவில்லை என்கிறது. கோப்புப் பட்டியலில் அந்தப் பெயரே புரியாத எழுத்தாக இருக்கிறது. பயந்துபோய் மிண்ட்டின் கோப்பு மேலாளர் வழியாக உள்ளே போய் ஒரு கோப்பை எழுத்துத் திருத்தியில் திறந்தேன். தமிழே இல்லை. யு2949, யு2990, யு3021 என்று பக்கம் பக்கமாக எண்கள். பதினோரு அத்தியாயமும் இப்படி ஆகிவிட்டதா? ஸ்க்ரிவனரை நாலைந்து முறை திறந்து மூடிவிட்டேன்.

ஊசிநூல் · 6.52

முதலில் கையை எடுங்கள், ஸ்க்ரிவனரைத் திறக்கவே வேண்டாம். திட்டத்தை மூடும்போதெல்லாம் அது ஒரு தானியங்கி நகல் எடுக்கும், இயல்பு அமைப்பில் கடைசி ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு பழையதை அழித்துவிடும். பிழையோடு இருக்கும் திட்டத்தை ஐந்து முறை திறந்து மூடினால் நல்ல நகல் ஒன்றுகூட மிஞ்சாது. திட்டக் கோப்புறை முழுவதையும் அப்படியே ஒரு பென் டிரைவுக்கு நகலெடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அடுத்தது, அந்த எண்கள். அவைதான் உங்கள் தமிழ். ஸ்க்ரிவனர் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனி ஆர்டிஎஃப் கோப்பாக வைக்கிறது, ஆர்டிஎஃப் தமிழ் எழுத்தை அதன் யூனிகோடு எண்ணால் குறித்துவைக்கும். யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய இடம் 2944-இலிருந்து 3071 வரை. 2949 என்றால் அ. 2990 ம. 3021 புள்ளி. 3006 கால். நீங்கள் கொடுத்ததைச் சேர்த்துப் படித்தால் "அம்" என்று வருகிறது. அடுத்து 2990, 3006 இருக்கிறதா என்று பாருங்கள்.

வேம்படி · 7.01

இருக்கிறது. 2990, 3006. அம்மா. முதல் அத்தியாயத்தின் முதல் சொல் அதுதான்.

கை நடுங்கிவிட்டது. பென் டிரைவில் போட்டுவிட்டேன்.

ஊசிநூல் · 7.08

அப்படியானால் ஒன்றும் போகவில்லை. அந்த நகலிலிருந்து ஒரு ஆர்டிஎஃப் கோப்பை லிப்ரே ஆபீஸில் திறந்து பாருங்கள், தமிழாகவே தெரியும். மூல இடத்தில் எதையும் திருத்திச் சேமிக்காதீர்கள்.

புதுத் திட்டத்தில் விழுந்த கேள்விக்குறிகளுக்குப் பின்னால் எண் எதுவும் இருக்காது. அந்த இரண்டு பக்கம் போனதுதான். நோட்டுப் புத்தகம் இருக்கிறதே, மறுபடி அடித்துவிடலாம்.

இன்னொன்று: உங்கள் திட்டக் கோப்புறையின் பெயர் தமிழிலா, ஆங்கிலத்திலா?

வேம்படி · 7.10

தமிழில். "மூன்றாம் வரைவு". புதுசாகத் திறந்தது டெஸ்ட் என்று ஆங்கிலத்தில்.

ஊசிநூல் · 7.19

இதை நேற்றே கேட்டிருக்க வேண்டும். அடித்தாலும் தமிழ் போகவில்லை, கோப்புப் பெயரிலும் தமிழ் போகவில்லை, ஒட்டினால் மட்டும் போகிறது. வைன் எழும்பும்போதே அதன் மொழியமைப்பில் (எந்த மொழி, எந்த எழுத்துக் குறியீடு என்று சொல்லும் அமைப்பு) எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் யூடிஎஃப்-8 கிடைக்கவில்லை என்று தோன்றுகிறது. ஸ்க்ரிவனரை எப்படித் திறக்கிறீர்கள்? மேசையில் உள்ள சின்னத்தைத் தட்டியா, டெர்மினலில் கட்டளை அடித்தா? இரண்டிலும் பாருங்கள். இப்போதைக்கு டெஸ்ட் திட்டம் மட்டும்.

மூலநிரல் · 8.30

வைன் 10.0 2025 ஜனவரியிலேயே வந்துவிட்டது. நான் முதலிலேயே சொன்னேன். பதிப்பை ஏற்றாமல் இத்தனை பதில்களை வீணடிக்கிறீர்கள். மேலும், மொழியமைப்பு என்றால் என்ன என்று தெரியாதவர்கள் லினக்ஸுக்கு வரும் முன் ஒரு வாரம் கையேடு படிக்கலாம்.

இரட்டைச்சுழி · 8.44

கையேடு படித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்றால் தமிழில் எழுதுகிறவர்களில் பத்துப் பேர்கூட லினக்ஸுக்கு வரமாட்டார்கள். அவர் ஆறு வருடம் நாவல் எழுதியிருக்கிறார், நாம் ஆறு வருடம் டெர்மினலில் உட்கார்ந்திருக்கிறோம். அவரவர் வேலை அவரவருக்கு. வேம்படி, நேற்று நான் "வேறு மென்பொருளுக்கு மாறுங்கள்" என்றதும் அதே தவறுதான்.

மூலநிரல் · 8.57

நான் யாரையும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. அடிப்படை தெரிந்தால் நாளைக்கு இன்னொரு சிக்கலில் அவரே நின்றுகொள்வார். ஸ்பூனில் ஊட்டினால் அது நடக்காது.

வேம்படி · மதியம் 1.15

டெர்மினலிலிருந்து திறந்தால் தமிழ் வருகிறது!!! சின்னத்தைத் தட்டித் திறந்தால்தான் கேள்விக்குறி.

பனையோலை · 1.22

அப்ப சின்னத்துக்குள்ள ஏதோ இருக்கு. அதிலை வலது கிளிக் செய்து, பண்புகளுக்குள்ள கட்டளை எண்ட பெட்டியைப் பாருங்கோ. வைனுக்கு முன்னால எல்சி_ஆல் சமம் சி எண்டு ஏதும் கிடக்குதோ?

வேம்படி · 1.30

ஆமாம், இருக்கிறது. நான்தான் போட்டேன். மிண்ட்டை முழுக்கத் தமிழில் வைத்திருக்கிறேன். டாட்நெட் நிறுவும்போது பிழைச் செய்திகள் தமிழில் வந்தன, அதை வைத்து இணையத்தில் தேடினால் ஒன்றும் கிடைக்கவில்லை. இதைப் போட்டால் செய்தி ஆங்கிலத்தில் வரும் என்று எங்கோ படித்துப் போட்டேன். அதற்கும் தட்டச்சுக்கும் தொடர்பு இருக்கும் என்று நினைக்கவே இல்லை, அதனால்தான் சொல்லவில்லை.

ஊசிநூல் · 1.41

இதுதான். எல்சி_ஆல் என்பது மற்ற எல்லா மொழியமைப்புகளையும் மிதித்துவிட்டு மேலே ஏறும். அதற்கு "சி" என்று கொடுத்தால் கணினிக்குத் தெரிந்த எழுத்துகள் 128 மட்டும், பழைய ஆஸ்கி. ஐபஸ் தமிழ்99-இல் "ம்மா"வைச் சரியாகவே கட்டி அனுப்புகிறது. அது எக்ஸ்ஐஎம் என்ற பழைய வாசல் வழியாக வைனுக்குள் நுழைகிறது, அந்த வாசலில் மொழியமைப்பைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். 128-க்குள் "மா" இல்லை, கேள்விக்குறி. உங்கள் கோப்புறைப் பெயருக்கும் அதே கதிதான். ஒட்டும்போது யூடிஎஃப்-8 ஆகவே தனி வழியில் போகிறது, அதனால் தப்பித்தது.

அந்தச் சொல்லைக் கட்டளையிலிருந்து எடுத்துவிடுங்கள். செய்தி மட்டும் ஆங்கிலத்தில் வேண்டுமென்றால் எல்சி_மெசேஜஸ் என்பதை மட்டும் மாற்றினால் போதும், எழுத்து பக்கம் போகாது. மாற்றியபின் வைன் நிரல்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டுத் திறங்கள். பின்னணியில் வைன்சர்வர் பழைய அமைப்போடு ஓடிக்கொண்டிருந்தால் மாற்றம் தெரியாது.

மூலநிரல், வைன் 10 போட்டிருந்தாலும் இதே சின்னத்தைத் தட்டினால் இதே கேள்விக்குறிதான் வந்திருக்கும்.

மூலநிரல் · 2.20

இந்த இடத்தில் நீங்கள் சொல்வது சரி. மொழியமைப்பு என்று நான் ஊகித்தேன், பதிப்பை முன்னால் வைத்துவிட்டேன்.

மாட்டுத்தாவணி · 2.31

தமிழ்99-க்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று தங்கத்தட்டு இப்போதாவது எழுதினால் நல்லது.

தங்கத்தட்டு · 2.40

வைன் விஷயத்தில் என் தவறு, எழுதிவிட்டேன். என் அம்மா விஷயத்தில் மாறமாட்டேன்.

செவ்வந்தி · 3.05

வேம்படி, ஆனதா?

செவ்வந்தி · புதன் இரவு 8.10

??

வேம்படி · வெள்ளி மாலை 6.48

ஆனது. மூன்றாம் வரைவு திறந்தது, கடிதங்களும் இருக்கின்றன. போன இரண்டு பக்கத்தைத் திரும்ப அடித்து, மூன்று அத்தியாயத்தையும் இப்போதுதான் அனுப்பினேன். எல்லோருக்கும் நன்றி, ஊசிநூலுக்கும் பனையோலைக்கும் தனியாக. தூங்கப் போகிறேன்.