ஹூண்டாய் ஐ20 என் லைனா, டாடா ஆல்ட்ராஸ் ரேசரா? வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ கார். இந்தியாவில் 2022-லேயே விற்பனையை நிறுத்திவிட்டார்கள். அதை மாற்றலாம் என்று இருக்கிறேன். செகண்ட் ஹேண்டில், மேனுவல் கியர்தான் வேண்டும்.

காகிதத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: 120 பிஎஸ் பவர், டார்க் (இழுவைத் திறன்) ஐ20-இல் 172, ரேசரில் 170 நியூட்டன் மீட்டர், ஆறு கியர், டர்போ பெட்ரோல். ஐ20 என் லைனில் 1.0 லிட்டர் இன்ஜின், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். ரேசரில் 1.2 லிட்டர், பின்னால் டிரம் பிரேக். மலையிறக்கத்தில் இந்த வித்தியாசம் உண்மையிலேயே தெரிகிறதா?

என் முக்கியமான சந்தேகம் கோத்தகிரி ஏற்றம். கொண்டை ஊசி வளைவில் வேகம் விழுந்து, இரண்டாவது கியரில் மிதித்தால் வண்டி உடனே இழுக்கிறதா, டர்போ விழிக்கும்வரை காத்திருக்க வேண்டுமா? ஷோரூம் டெஸ்ட் டிரைவில் இதெல்லாம் எங்கே தெரியும்!

அப்புறம், கோவை காந்திபுரம் நெரிசலில் கிளட்ச் காலை வலிக்க வைக்கிறதா? சஸ்பென்ஷன் பின்சீட்டில் உட்காரும் அம்மாவுக்கு ஒத்துவருமா? (ஆல்ட்ராஸ் கதவு 90 டிகிரி திறப்பது அவருக்குப் பிடித்திருக்கிறது.) எக்ஸாஸ்ட் சத்தம் பற்றி எனக்குக் கவலையில்லை. மைலேஜை மட்டும் நிஜமாகச் சொல்லுங்கள், ப்ளீஸ்.