டபராவில் ஒரு கேக்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவின் பெயர் ‘ஆற்றங்கரை வீடு’. போன தை மாதத்தில் நான்கு நாட்கள் அதில் ஓடிய பேச்சு இது. பெயர்கள் என் போனில் நான் சேமித்து வைத்திருக்கிறபடி: ‘அம்மா’ என் அம்மா, பெங்களூர் அக்கா பெரியம்மாவின் மகள். பெரியம்மாவின் குரல் பதிவுகளை எழுத்தாக்கியிருக்கிறேன். காலை வணக்க ரோஜாப்பூக்களை வெட்டிவிட்டேன். சென்னைச் சித்தி மன்னிக்கவும்.

செவ்வாய்

திருவையாறு பெரியம்மா (காலை 7:10): ஓட்ஸில் கேக் வருமா? சின்னதாக. தெரிந்தவர்கள் சொல்லவும்.

மன்னார்குடி தம்பி: பெரியம்மா, நீங்களா? போனை யாராவது எடுத்துவிட்டார்களா?

திருவையாறு பெரியம்மா: நான்தான். டாக்டர் சொன்னார் என்று இவள் வாங்கிப் போட்ட ஓட்ஸ் ஹார்லிக்ஸ் பாட்டிலில் அப்படியே இருக்கிறது. கஞ்சி வைத்தால் தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது. பொங்கலுக்கு வந்த கமலா ஆரஞ்சு நாலு மீதி. பெங்களூரில் இவள் ஒரு ஆரஞ்சு கேக் கொடுத்தாளே, அது ஞாபகம் வந்தது.

பெங்களூர் அக்கா: அம்மா! கேட்டிருந்தால் அன்றைக்கே எழுதிக் கொடுத்திருப்பேன். முட்டை போடாததுதான் அது. இந்தாங்கள், 8 அங்குலத் தட்டுக்கு: ஓட்ஸ் பொடித்தது 160 கிராம், ரவை 4 ஸ்பூன், தயிர் 8, பால் 8, சர்க்கரை 8, எண்ணெய் 4, ஆரஞ்சுச் சாறு 4, நாலு பழத்தின் தோல் துருவல், பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. ஸ்பூன் என்றால் 15 மில்லி.

திருவையாறு பெரியம்மா: இவ்வளவையும் யார் தின்பது? நான் ஒருத்தி. சாயங்காலம் வாய்ப்பாடு ஒப்பிக்க வருகிற பக்கத்து வீட்டுப் பெண் ஒன்று. இரண்டு பேருக்கு வேண்டியதைச் சொல்லடி.

அம்மா: அக்கா, பத்துப் படி அரிசிக்குக் குழம்பு கூட்டின கை உங்களுடையது. இரண்டு பேருக்குச் செய்ய வருமா?

திருவையாறு பெரியம்மா: அதுதான் வரவில்லை. ரசம் வைத்தால் மூன்று நாளைக்கு இருக்கிறது.

பெங்களூர் அக்கா: பாதி போடுங்கள் அம்மா. மீட்டிங், அப்புறம் வருகிறேன்.

(இந்த “பாதி”தான் எல்லாவற்றுக்கும் காரணம். அப்போது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான்.)

திருவையாறு பெரியம்மா: ஓவன் என்னிடம் இல்லையே.

நான்: வேண்டாம் பெரியம்மா. கடலை வறுக்கிற இரும்பு வாணலி இருக்கிறதா? அதில் இரண்டு விரல்கடை மணல் போட்டு, நடுவில் சின்னத் தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் பாத்திரத்தை வைத்து மூடிவிட்டால் அதுவே ஓவன். மணல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.

மன்னார்குடி தம்பி: ஆற்று மணலா? இன்றைய விலைக்குக் கேக்கைத் தங்கத்திலேயே செய்துவிடலாம்.

திருவையாறு பெரியம்மா: கடலைக்குச் சலித்து வைத்த மணல் கொல்லையில் ஒரு டின் இருக்கிறது. உன் பெரியப்பா குடமுருட்டியிலிருந்து அள்ளி வந்தது.

சென்னைச் சித்தி: அக்கா, பாத்திரத்துக்கு ஏன் யோசனை? ரசம் வைக்கிற ஈயச்சொம்பு சின்னதுதானே?

அம்மா: ஐயோ வேண்டாம்!! உள்ளே ரசம் கொதிக்கிற வரைக்கும்தான் அது சொம்பு. கல்யாணமான புதிதில் நான் ஒன்றை அடுப்பில் வைத்துவிட்டுப் புளி கரைக்கப் போனேன். திரும்பி வந்தால் பர்னர் முழுக்க வெள்ளியாக ஓடிக்கிடக்கிறது. மாமியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்னும் பயம்.

திருவாரூர் மாமா: வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். தண்ணீர் இருக்கிறவரை சூடு 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது, அதனால் தப்பிக்கிறது. காய்ந்த மணலுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

நான்: ஈயம் பூசிய பித்தளையும் இதே கதைதான். பூச்சு போன பித்தளை என்றால் தயிருக்கும் ஆரஞ்சுக்கும் களிம்பு ஏறும். எவர்சில்வர்தான் சரி.

திருவையாறு பெரியம்மா: அப்படியானால் டபராவில் வைக்கட்டுமா? வீட்டில் இரண்டு டபரா. ஒன்றில் நான் காப்பி குடிக்கிறேன். இன்னொன்று சும்மாதான் இருக்கிறது.

(இது காலை 8:02. அடுத்த செய்தி 8:13க்கு வந்தது. ஆறு பேரும் பார்த்துவிட்டதாகப் பெரியம்மா போனில் இரண்டு நீலக் குறிகள் காட்டியிருக்கும்.)

திருவாரூர் மாமா: அதன் வாய் எத்தனை அங்குலம் அக்கா?

திருவையாறு பெரியம்மா: நூல் வைத்து அளந்தேன். சரியாக 4.

புதன்

திருவையாறு பெரியம்மா (மாலை 5:40): (படம்)

திருவையாறு பெரியம்மா: பாருங்கள். பொங்கலோ பொங்கல்.

படத்தில் டபராவின் நாலு பக்கமும் மாவு வழிந்து, மணலோடு சேர்ந்து கருகியிருந்தது. நடுவில் மட்டும் குழி.

பெங்களூர் அக்கா: அம்மா, பாதிதானே போட்டீர்கள்?

திருவையாறு பெரியம்மா: நீ சொன்ன பாதியேதான். கசக்கவும் செய்கிறது.

திருவாரூர் மாமா: நேற்றே சொல்லியிருக்க வேண்டும். 8 அங்குல வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 50 சதுர அங்குலம். 4 அங்குல வட்டத்துக்கு 12 அரை. விட்டம் பாதியானால் பரப்பு கால். பத்தாம் வகுப்புப் பையன்கள் வருடா வருடம் இதே இடத்தில்தான் மார்க்கை விடுவார்கள்.

பெங்களூர் அக்கா: மாமா, நான் உங்கள் பள்ளிக்கூடத்திலேயே படித்தவள். வெட்கமாக இருக்கிறது.

திருவாரூர் மாமா: அதனால்தான் பெயர் சொல்லவில்லை.

நான்: அப்படியென்றால் எல்லாவற்றையும் நாலால் வகுத்தால் போதும். ஓட்ஸ் பொடி 40 கிராம், ரவை 1 ஸ்பூன், தயிர் 2, பால் 2, சர்க்கரை 2, எண்ணெய் 1, சாறு 1, ஒரு பழத்தின் தோல். பேக்கிங் பவுடர் கால் டீஸ்பூன், சோடா இரண்டு விரலால் எடுக்கிற ஒரு சிட்டிகை. முட்டை போடுகிற கேக் என்றால் இங்கேதான் மாட்டிக்கொள்வோம், கால் முட்டைக்கு எங்கே போவது? தயிர் எந்தக் கணக்குக்கும் வளையும்.

திருவாரூர் மாமா: நேரத்தை மட்டும் நாலால் வகுக்காதே அக்கா. மாவின் உயரம் ஏறக்குறைய அதேதான், சூடு நடுவுக்குப் போய்ச் சேர வேண்டும். பத்து நிமிடம் குறையலாம், அவ்வளவுதான்.

திருவையாறு பெரியம்மா: 15 மில்லி ஸ்பூனுக்கு நான் எங்கே போவேன்? சாம்பார் கரண்டியில்தான் போட்டேன்.

அம்மா: அதுவும் வேறா!

நான்: இருமல் மருந்து மூடி இருக்கிறதா? அதில் 5, 10 என்று கோடு போட்டிருக்கும். ஒரு பத்து, ஒரு ஐந்து, அதுதான் ஒரு ஸ்பூன். நன்றாகக் கழுவிவிடுங்கள், இல்லையென்றால் கேக் துளசி வாசனை அடிக்கும்.

அம்மா: கசப்பு ஏன் வந்தது?

நான்: தோலை எப்படித் துருவினீர்கள் பெரியம்மா?

திருவையாறு பெரியம்மா: தேங்காய்த் துருவியில்தான். வெள்ளை தெரிகிறவரை, அப்புறம் அந்த வெள்ளையையும் கொஞ்சம். வீணாக்குவானேன்?

நான்: அந்த வெள்ளைதான் கசப்பு. வாசனை எல்லாம் மேல்தோலில், கண்ணுக்குத் தெரிகிற புள்ளிப் புள்ளியான எண்ணெயில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஆரஞ்சுத் தோலை மடித்துப் பக்கத்திலிருப்பவள் கண்ணில் பீய்ச்சுவோமே, அதே எண்ணெய்தான்.

திருவையாறு பெரியம்மா: நாங்கள் விளக்குச் சுடரில் பீய்ச்சுவோம். படபடவென்று பொறி பறக்கும். எங்கள் அப்பா முதுகில் ஒன்று வைப்பார்.

நான்: அதேதான். கேரட் துருவியில் பொடிக் கண் பக்கமாக வைத்து, ஒரே இடத்தில் இரண்டு தரத்துக்கு மேல் தேய்க்காமல், பழத்தைத் திருப்பிக்கொண்டே போங்கள். கடைப் பழம் என்றால் முதலில் வெந்நீரில் அழுத்திக் கழுவ வேண்டும், மெழுகு பூசியிருப்பார்கள். துருவலைச் சர்க்கரையில் போட்டு விரலால் கசக்கினால் சர்க்கரை ஈரமாகி ஆரஞ்சு நிறமாகும். வீடே மணக்கும். எனக்கு இந்தக் கேக்கில் பிடித்த வேலை இது ஒன்றுதான், மற்றதெல்லாம் கலக்குவது.

சென்னைச் சித்தி: இதற்கு எதற்கு இத்தனை பாடு? மைக்ரோவேவில் ஒன்றரை நிமிடத்தில் கேக் ஆகிவிடும். வீடியோ அனுப்புகிறேன்.

பெங்களூர் அக்கா: சித்தி, அம்மாவிடம் மைக்ரோவேவ் இல்லை. இருந்தாலும் அதில் எவர்சில்வர் டபரா வைக்கக் கூடாது.

நான்: அந்தக் கேக் சுடச்சுட நன்றாகத்தான் இருக்கும். ஆறினால் செருப்புத் தோல்.

மன்னார்குடி தம்பி: நடுவில் குழி விழுந்ததற்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

திருவையாறு பெரியம்மா: சோடா போட்டுக் கலக்கினேனா, அந்த நேரம் பார்த்துக் கீரைக்காரி வந்தாள். பேசிவிட்டு வந்து அடுப்பில் வைத்தேன். அரை மணி ஆகியிருக்கும்.

நான்: அங்கேதான் போயிற்று. சோடாவும் தயிர்ப் புளிப்பும் சேர்ந்த உடனே குமிழ் கிளம்ப ஆரம்பித்துவிடும். சூட்டில் மாவு இறுகி அந்தக் குமிழைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கோதுமை, மைதா என்றால் மாவில் இழுவை இருக்கும், கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஓட்ஸில் அது கிடையாது. ஓட்ஸ், ரவை, தயிர், பால் நான்கையும் முன்னாலேயே கலந்து பத்து நிமிடம் ஊற விடுங்கள். அதற்குள் கீரை வாங்கி, ஆய்ந்தும் வைத்துவிடலாம். வாணலி சூடான பிறகுதான் பவுடர், சோடா, சாறு. கலக்கியவுடன் உள்ளே.

திருவாரூர் மாமா: ஓட்ஸ் கேக் என்றால் என்னைப் போன்ற சர்க்கரைக்காரர்கள் சாப்பிடலாம்தானே?

நான்: மாமா, ஓட்ஸ் போட்டாலும் அது கேக். அந்த டபராவில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை இருக்கிறது.

திருவாரூர் மாமா: கேட்டிருக்கவே கூடாது.

வியாழன்

அன்று கேக் பேச்சே இல்லை. மன்னார்குடியில் அறுவடை இயந்திரம் சேற்றில் இறங்கிவிட்டது. குழு முழுவதும் அதே கவலை. மேட்டூர் அணையை வழக்கமாக மூடுகிற ஜனவரி 28 நெருங்குகிறது என்று மாமா நினைவூட்டினார். சித்தி ஒரு முருகன் படம் அனுப்பினார்.

வெள்ளி

திருவையாறு பெரியம்மா (மாலை 4:05): வாணலி காய்கிறது. இன்றைக்கு வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டேன்.

பெங்களூர் அக்கா: அம்மா, டபராவில் நெய் தடவி அடியில் காகிதம் போட்டீர்களா?

திருவையாறு பெரியம்மா: நெய் தடவினேன். காகிதத்துக்குப் பதில் வாழை இலைத் துண்டு.

(ஓவனுக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வாணலியில் நன்றாகவே நின்றது.)

திருவையாறு பெரியம்மா (4:12): உள்ளே வைத்தாயிற்று. முக்கால் டபரா கூட இல்லை. சிம்மை விடக் கொஞ்சம் கூட.

மன்னார்குடி தம்பி (4:20): கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு நிற்கிறேன். இங்கே ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் நெல்லைத் திருப்பிவிடுவார்கள். உங்கள் கேக்குக்கும் அதே விதிதான் பெரியம்மா.

அம்மா: அக்கா, நடுவில் திறந்து பார்க்காதீர்கள்.

திருவையாறு பெரியம்மா (4:31): திறக்கவில்லை.

திருவையாறு பெரியம்மா (4:32): ஒரு தரம்தான் திறந்தேன்.

திருவையாறு பெரியம்மா (4:41): ஈர்க்குச்சி குத்தினேன். ஒட்டவில்லை. எழும்பியிருக்கிறது!!

நான்: உடனே வெட்டாதீர்கள் பெரியம்மா. ஓட்ஸ் கஞ்சியில் ஒரு வழவழப்பு இருக்குமே, பீட்டா குளுக்கான் என்கிற நார்ச்சத்து. சூடாக வெட்டினால் அதனால் கத்தியில் பசை மாதிரி ஒட்டும். ஒரு மணி நேரமாவது ஆற வேண்டும்.

திருவையாறு பெரியம்மா: அந்தப் பெண் வந்து உட்கார்ந்துவிட்டது. வாய்ப்பாடு பன்னிரண்டு வரைக்கும் சொல்லி முடித்தால்தான் என்று வைத்திருக்கிறேன்.

திருவாரூர் மாமா: பதினாறு வரைக்கும் சொல்லச் சொல் அக்கா. அதற்குள் ஆறிவிடும்.

திருவையாறு பெரியம்மா (5:50): (படம்)

எவர்சில்வர் தட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கேக். மேலே நடுவில் வெடிப்பு. பாதி போய்விட்டிருந்தது.

அம்மா: அழகு! உள்ளே எப்படி இருக்கிறது?

திருவையாறு பெரியம்மா: மைதா கேக் மாதிரி பஞ்சாக இல்லை. கொஞ்சம் மணல் மணலாக, ரவா கேசரிக்கும் ரொட்டிக்கும் நடுவில். ஆனால் நன்றாக இருக்கிறது. காப்பிக்குத் தோது. கசப்பு இல்லை, வாசனை மட்டும் இருக்கிறது.

பெங்களூர் அக்கா: அம்மா, படத்தில் மேலே பச்சையாகப் பொடிப் பொடியாகத் தெரிகிறதே, அது என்ன?

திருவையாறு பெரியம்மா: ஒன்றுமில்லை.

அம்மா: அக்கா.

திருவையாறு பெரியம்மா: கொல்லை நாரத்தை. மேல்தோல் மட்டும், கால் டீஸ்பூன். முன்னாலேயே சொன்னால் ஆளாளுக்கு வேண்டாம் என்பீர்கள்.

நான்: உண்மைதான், நானே சொல்லியிருப்பேன். கமலாவும் நாரத்தையுமா! நாளைக்கு நானும் போட்டுப் பார்க்கிறேன்.

மன்னார்குடி தம்பி: என் நெல் 16.8. பாஸ். பெரியம்மா கேக்கும் பாஸ்.

சென்னைச் சித்தி (இரவு 9:15): இப்போதுதான் பார்த்தேன். கேக்கா? யாருக்குப் பிறந்தநாள்? யாருமே சொல்லவில்லையே 🎂

திருவையாறு பெரியம்மா: யாருக்கும் இல்லை. சும்மா செய்தேன்.