கருப்பு வெள்ளை கௌபாய் சீரியலை 90 நிமிடத்துக்குள் எப்படிக் காட்டுவது?

அடையாறு ரசிகன்:
எங்கள் திரைப்படக் குழுவுக்கு ஞாயிறு மாலை ஒன்றரை மணி நேரம்தான் ஹால். தியேட்டரில் வாரம் ஒரு அத்தியாயமாக ஓடிய 'தி ஃபாண்டம் எம்பயர்' (1935) சீரியலைக் காட்ட ஆசை. 12 அத்தியாயமும் சேர்ந்தால் நாலு மணி நேரம். அதைச் சுருக்கி 1940-இல் வெளியிட்ட 'ரேடியோ ராஞ்ச்' போதுமா, நாமே எடிட் செய்வதா? செய்தால் எங்கே கை வைப்பது?

மாம்பலம் மூவியோலா:
நீங்களே செய்யுங்கள் சார். கதையில் மூன்று சரடு: பாடும் கௌபாய் நாயகன் ஜீன் ஆட்ரி தினமும் 2 மணிக்கு ரேடியோவில் ஒலிபரப்பாவிட்டால் பண்ணை கைவிட்டுப் போகும், பீட்சன் கும்பலுக்கு அங்கே கிடக்கும் ரேடியம் வேண்டும், பூமிக்கடியில் முரானியா என்ற நாட்டில் ராணி டிகாவுக்கு எதிராகச் சதி. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளினால் எதுவும் நிற்காது. கீழே மாட்டிக்கொள்வது, ஒலிபரப்புக்கு மேலே ஓடி வருவது, மறுபடி கீழே போவது, இந்தச் சுற்றுகளில் நடுவில் உள்ளதை முழுசாகத் தூக்குங்கள். முதல் அத்தியாயத்தைத் தொடவே வேண்டாம். அது சுமார் அரை மணி நேரம், ஆனால் 2 மணி நிபந்தனை அதில்தான் பதிகிறது.

விட்ட இடத்தை நிரப்ப ரிபப்ளிக் ஸ்டுடியோ நல்ல வழி கண்டது. 'தி லோன் ரேஞ்சர்' (1938) 15 அத்தியாயத்தை 'ஹை-யோ சில்வர்' (1940) என்று 69 நிமிடமாக்கியபோது, ஒரு பெரியவர் சிறுவனுக்குக் கதை சொல்வதாகப் புதிதாகப் படமெடுத்துச் சேர்த்தார்கள். நீங்கள் ஆறு நொடி தமிழ் எழுத்து அட்டை போட்டால் போதும். 'ஹை-யோ சில்வர்' சுருக்கத்தில் அடிபட்டது புதிர்தான். ஐந்து பேரில் முகமூடிக்காரன் யார் என்று 15 வாரம் தவிக்க வைத்த கதை, அங்கே மளமளவென்று தீர்ந்துவிடுகிறது.

புரசை ஸ்ப்ளைசர்:
உண்மையான சிக்கல் அத்தியாயங்கள் சேரும் இடத்தில். வண்டி பள்ளத்தில் விழுவதோடு ஒரு வாரம் முடியும். அடுத்த வாரம் அதே காட்சியில், விழுமுன் நாயகன் குதிக்கும் ஷாட் புதிதாக இருக்கும். இரண்டு அத்தியாயத்தையும் எடிட்டிங் மென்பொருளில் இரண்டு டிராக்கில் மேலும் கீழுமாக வைத்து, இரண்டிலும் பொதுவான கடைசி ஷாட்டைப் பிடியுங்கள். அதுவரை முந்தையது, அதிலிருந்து பிந்தையது. விழும் ஷாட்டை முந்தையதிலிருந்து எடுத்தால் ஆள் செத்துப் பிழைத்த மாதிரி ஆகும்.

தலைப்பும் முன்கதையும் போனாலே அத்தியாயத்துக்கு ஏறக்குறைய 2 நிமிடம் மிச்சம். துப்பாக்கி வெடிக்கும் ஃப்ரேமில் வெட்டுங்கள், ஒலித் தாவல் தெரியாது.

அடையாறு ரசிகன்:
நன்றி சார். கையில் உள்ள கோப்பில் சில இடங்களில் வசனத்தின் முதல் சொல்லே காணோம். எங்கள் கணினிக் கோளாறா?

மாம்பலம் மூவியோலா:
இல்லை, கோப்புக்கு மூலமான 16 எம்.எம். ஃபிலிம் பிரிண்ட்டிலேயே யாரோ வெட்டி ஒட்டியிருப்பார்கள். அதில் ஒலி, படத்துக்கு 26 ஃப்ரேம் முன்னால் பதிந்திருக்கும். படத்தைப் பார்த்து வெட்டினால், ஒட்டுக்குப் பிறகு ஒரு நொடிக்கு மேல் பழைய காட்சியின் ஒலியே ஓடும், புதிய காட்சியின் ஆரம்ப ஒலி போய்விடும். அதைத் திருப்ப முடியாது. வேறு பிரிண்ட்டின் கோப்பிலிருந்து அந்த ஒலியை மட்டும் எடுத்து ஒட்டுங்கள். முதலில் ஃப்ரேம் ரேட் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) பாருங்கள்: ஒன்று 24, மற்றது 25 என்றால் 100 நிமிடம் 96 ஆகச் சுருங்கும், ஆட்ரியின் பாட்டு சுருதி ஏறிக் கேட்கும். இரண்டையும் 24-க்குக் கொண்டுவந்த பிறகே வெட்டத் தொடங்குங்கள்.